வேடந் தரித்த டொங்கிள்

லினக்ஸ் கணினியிற் செருகிய டொங்கிள் இணையத்தைத் தராவிடின், பழுதென்று கருதி மற்றொன்றுக்குப் பணஞ் செலவிடுவோர் உளர். அதற்கு முன் ஒன்றை அறிதல் நன்று.

ஹுவாவே ஈ1550 முதலிய டொங்கிள்கள், விண்டோசுக்குரிய மென்பொருளைத் தம்முள்ளே தாங்கியிருத்தலால், முதலில் இறுவட்டாகவே காட்சியளிக்கும். அவ்வேடங் கலைந்த பின்னரே மொடெம் வெளிப்படும். லினக்சில் அவ்வேடத்தைக் கலைப்பது ‘யூ.எஸ்.பி. மோட்சுவிட்ச்’ என்னும் இலவச நிரலாகும். அதனை நிறுவுதற்குக் கைத்தொலைபேசியின் இணைப்பை யூ.எஸ்.பி. வடத்தின் வழியே இரவல் பெறலாம். நிறுவியபின் டொங்கிளைக் கழற்றி மீண்டுஞ் செருகுக. ‘எல்.எஸ்.யூ.எஸ்.பி.’ என்ற கட்டளை காட்டும் பட்டியலில் 1446 என்னும் எண் மறைந்து, 1001 போன்ற வேறெண் தோன்றின் வேடங் கலைந்ததென்க.

பின்னர் வலையிணைப்புப் பகுதியில் மொபைல் புரோட்பாண்ட் இணைப்பொன்றை உண்டாக்கி, சேவை நிறுவனத்தின் ஏ.பி.என். பெயரைப் பிழையற இடுக. அதன் பின்னும் இணையாவிடின், சிம் அட்டையையும் சமிக்ஞையையும் சோதித்த பின்னரே டொங்கிளைக் குறைகூறுதல் தகும்.