நான்கு உருளை எஞ்சினின் எரிபற்றல் ஒழுங்கு: 1–3–4–2 ஏன்?



வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் பாடத்தில் எரிபற்றல் ஒழுங்கு பற்றி வினவினால், பலர் 1–3–4–2 என்று உடனே எழுதிவிடுவர். "ஏன் 1–2–3–4 ஆக இருக்க முடியாது?" என்று அடுத்த பகுதி கேட்டால் பேனா நின்றுவிடும். மனப்பாடம் செய்த எண் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகலாம். காரணம் விளங்கியவருக்கு அந்த எண்ணைத் தாமே கண்டுபிடிக்க முடியும். அந்தக் காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் நினைவிற் கொள்ள வேண்டியவை

நாலடிப்பு எஞ்சினை 1876 இல் வெற்றிகரமாக இயக்கியவர் ஜேர்மனியரான நிக்கொலஸ் ஒட்டோ. அதன் ஒவ்வோர் உருளையிலும் நான்கு அடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும்:

உள்ளெடுத்தல் – முசலம் (பிஸ்டன்) கீழே இறங்கும்
அமுக்கம் – முசலம் மேலே ஏறும்
வலு – முசலம் கீழே இறங்கும்
வெளியேற்றல் – முசலம் மேலே ஏறும்

ஓர் அடிப்புக்குக் கிராங் தண்டு (சுழற்றித் தண்டு) 180 பாகை சுழலும். நான்கு அடிப்புகளுக்கு 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்றுகள். இந்த நான்கில் வேலை தருவது வலு அடிப்பு ஒன்றே.

2. ஏன் நான்கு உருளைகள்?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எஞ்சின் ஓடியபடி நிற்கும் முச்சக்கர வண்டியைக் கவனியுங்கள். வண்டி முழுவதும் நடுங்கும். அதில் இருப்பது ஓர் உருளைதான். நாலடிப்பு எஞ்சினாயின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மட்டுமே வலு கிடைக்கும். மற்ற மூன்று அடிப்புகளிலும் எஞ்சினைச் சுழலச் செய்வது பறப்புச் சில்லில் (ஃப்ளைவீல்) சேமிக்கப்பட்ட சக்தியாகும்.

அருகில் நிற்கும் கார் அவ்வளவு நடுங்குவதில்லை. அதன் நான்கு உருளைகளும் முறைவைத்து வலுத் தருகின்றன. 720 ஐ 4 ஆல் வகுத்தால் 180. ஆகவே ஒவ்வொரு 180 பாகைக்கும் ஏதாவது ஓர் உருளையில் வலு அடிப்பு நிகழ்கிறது. கோயில் தேரின் வடத்தை நான்கு குழுவினர் இடைவெளி விடாது மாறி மாறி இழுப்பது போன்றது இது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் ஓய்ந்தால் தேர் குலுங்கிக் குலுங்கித்தான் நகரும்.

3. விடை கிராங் தண்டின் வடிவத்தில் உள்ளது

வரிசை நான்கு உருளை எஞ்சினில் 1 ஆம், 4 ஆம் முசலங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 2 உம் 3 உம் அவற்றுக்கு எதிராக இயங்கும். வெளி இரண்டும் மேலே இருக்கும்போது உள் இரண்டும் கீழே இருக்கும். இதனால் எஞ்சினின் முற்பாதியும் பிற்பாதியும் சமச்சீராக அமைகின்றன. 1 உம் 3 உம் ஒன்றாக ஏறுமாறு அமைத்தால், எஞ்சினின் முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கி ஆடும்.

இப்போது ஒழுங்கை நாமே கண்டுபிடிப்போம்.

படி 1: 1 ஆம் உருளையில் வலு அடிப்பு. முசலங்கள் 1, 4 இறங்குகின்றன. 2, 3 ஏறுகின்றன.
படி 2: 180 பாகையின் பின் மேலே நிற்பவை 2 உம் 3 உம். ஆகவே அடுத்த வலு இவற்றில் ஒன்றில்தான் நிகழலாம். 3 எனக் கொள்வோம்.
படி 3: மேலும் 180 பாகையின் பின் மேலே நிற்பவை 1 உம் 4 உம். 1 இல் ஏற்கனவே வலு முடிந்துவிட்டது. எனவே 4.
படி 4: எஞ்சியிருப்பது 2.

விடை 1–3–4–2. படி 2 இல் 3 க்குப் பதிலாக 2 ஐத் தெரிந்திருந்தால் 1–2–4–3 கிடைக்கும். இந்தக் கிராங் தண்டுக்கு இவை இரண்டைத் தவிர வேறு ஒழுங்கு இல்லை. 1–2–3–4 ஏன் முடியாது? 2 இன் வலு முடியும்போது 3 ஆம் முசலமும் 2 உடன் சேர்ந்து கீழே நிற்கும். கீழே நிற்கும் முசலத்தை வாயுவால் மேலும் கீழே தள்ள முடியாது அல்லவா?

இவ்விரண்டில் எது என்பதை வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தீர்மானிக்கிறது. மொரிஸ் மைனரில் பயன்பட்ட ஏ வகை எஞ்சினின் ஒழுங்கு 1–3–4–2. போர்ட் அங்கிலியா 105ஈ காரின் ஒழுங்கு 1–2–4–3. வோக்ஸ்வாகன் பீட்டிலில் 1–4–3–2. ஆனால் அதன் உருளைகள் எதிரெதிராகப் படுத்திருப்பவை, இலக்கமிடும் முறையும் வேறு. அதனை இவற்றுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. அட்டவணை (1–3–4–2)

| சுழற்சி (பாகை) | உருளை 1 | உருளை 2 | உருளை 3 | உருளை 4 |
|---|---|---|---|---|
| 0–180 | வலு | வெளியேற்றல் | அமுக்கம் | உள்ளெடுத்தல் |
| 180–360 | வெளியேற்றல் | உள்ளெடுத்தல் | வலு | அமுக்கம் |
| 360–540 | உள்ளெடுத்தல் | அமுக்கம் | வெளியேற்றல் | வலு |
| 540–720 | அமுக்கம் | வலு | உள்ளெடுத்தல் | வெளியேற்றல் |

அட்டவணையைச் சரிபார்க்க ஓர் இலகுவான வழி: எந்த வரியிலும் நான்கு அடிப்புகளும் ஒவ்வொரு முறை மட்டும் வர வேண்டும். 1 உம் 4 உம் ஒரே திசையில் இயங்க வேண்டும்.

5. கராஜில் இதன் பயன்

பழைய கார்களில் டிஸ்ரிபியூட்டரிலிருந்து நான்கு பிளக்குகளுக்கும் தனித்தனி வயர்கள் செல்லும். பஞ்சிகாவத்தையில் புதிய வயர்கள் வாங்கிப் பூட்டும் ஒருவர், 1–3–4–2 எஞ்சினில் 2, 3 ஆகியவற்றின் வயர்களை மாற்றிப் பூட்டினால் என்ன நடக்கும்? 3 க்குரிய தீப்பொறி 2 க்குச் செல்லும். அட்டவணையைப் பாருங்கள்: அவ்வேளை 2 இல் உள்ளெடுத்தல் தொடங்குகிறது, உள்ளெடு வால்வு திறந்திருக்கும். தீ பின்னோக்கிக் காபரேற்றருக்குள் பாய்ந்து "டப்" என்று வெடிக்கலாம். 3 இலும் இதே நிலைதான். எஞ்சின் இயங்கினாலும் 1, 4 ஆகிய இரண்டில் மட்டுமே வலு கிடைக்கும்; கடுமையாகக் குலுங்கும்.

இன்றைய கார்கள் பலவற்றில் உருளைக்கு ஒரு சுருளும் கணினிக் கட்டுப்பாடும் உண்டு. ஆயினும் ஒழுங்கு மாறவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி இல்லை; அங்கே எரிபொருள் உட்செலுத்தப்படுவது இந்த ஒழுங்கில்தான். சாதாரண தரத்தின் பின் மோட்டார் வாகனத் தொழிற்பயிற்சிக்குச் செல்ல எண்ணும் மாணவர்களுக்கு இந்த அட்டவணை அங்கும் துணைநிற்கும்.

6. பயிற்சி

(அ) 3 ஆம் உருளையில் வலு அடிப்பு நிகழும்போது 4 இல் நிகழ்வது யாது?
(ஆ) எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது. ஒரு செக்கனில் எத்தனை வலு அடிப்புகள்?

விடைகள்: (அ) அமுக்கம். (ஆ) 3000 ÷ 60 = 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 2 வலு அடிப்புகள். எனவே 100. ஓர் உருளைக்கு 25.

பரீட்சைக் குறிப்பு: "காரணம் தருக" என்ற வினாவுக்கு எண்ணை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். கிராங் தண்டின் படத்தை வரைந்து, 1 உம் 4 உம் மேலே, 2 உம் 3 உம் கீழே எனக் குறியுங்கள். படத்தைப் பார்த்தே மீதியை எழுதிவிடலாம்.