இருமினால் சிறுநீர்க் கசிவு: பட்டை அறுவை சிகிச்சையின் பலன் என்ன?

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களில் சிலர் வேலை முடியும்வரை தண்ணீர் அருந்துவதில்லை. இருமும்போதும் மூட்டை தூக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் சிறுநீர் கசிந்துவிடும் என்ற அச்சமே காரணம். பிள்ளை பெற்றவர்களுக்கு இது இயல்பு என்றெண்ணி வீட்டாரிடமும் கூறுவதில்லை. தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீரகக் கல்லும் நோய்த்தொற்றும் வரக்கூடும், கசிவோ நிற்காது.

பிரசவத்தாலும் வயதாலும் இடுப்படித் தசைகள் தளரும்போது, சிறுநீர்ப் பாதையைக் கீழிருந்து தாங்கும் பிடிமானம் குறைகிறது. வயிற்றில் அழுத்தம் கூடியவுடன் கசிவு ஏற்படுகிறது. எனவே முதல் சிகிச்சை தசைப் பயிற்சியே. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்துவதை, வேளைக்கு 8 முறையாக நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்தல் வேண்டும். நாள்பட்ட இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் உடன் சிகிச்சை பெறுதல் நன்று.

பயிற்சி போதாதபோது, சிறுநீர்ப் பாதைக்குக் கீழே ஒரு மெல்லிய பட்டையைத் தாங்கலாக வைக்கிறோம். அது செயற்கை வலையாகவோ, நோயாளியின் வயிற்றுச் சுவரிலிருந்து எடுத்த திசுவாகவோ இருக்கலாம். நெதர்லாந்தில் 460 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் முன்னேற்றம் கண்டவர்கள் வலைப்பட்டை சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 91 பேர். பயிற்சிப் பிரிவில் 64 பேர். பயிற்சிப் பிரிவினரில் ஏறக்குறைய பாதிப் பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு மாறினர்.

ஆயினும் முடிவெடுக்குமுன் சிலவற்றை அறிதல் வேண்டும். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறையை அடையுமுன் கசிவது வேறு வகை. அதைப் பட்டை சரிசெய்யாது. சிலருக்குச் சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் சில நாள் குழாய் வைக்க நேரிடும். வலைப்பட்டை பிறப்புறுப்பின் சுவரில் வெளித்தெரிவதும், நீடித்த வலியும் அரிதாக நேரலாம். அப்போது அதை முழுமையாக அகற்றுவது கடினம். இக்காரணத்தால் இங்கிலாந்தில் 2018-இல் வலைப்பட்டைப் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் கருத்தரிக்க விரும்புவோர் அறுவையைத் தள்ளிவைப்பதே நல்லது.

அறுவைக்குப் பின் சுமார் 6 வாரம் சுமை தூக்குதல் கூடாது. ஏலக்காய் எடுப்புப் பருவத்தில் அக்கூலியை இழப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஆகவே வேலை குறைந்த மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அதுவரை பயிற்சியைத் தொடரலாம். வீட்டிலுள்ளோர் அந்த 6 வாரமும் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் தாங்கள் சுமந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.