உங்களுக்குத் தெரியுமா? திராட்சைத் தோலைத் துப்பாதீர்கள்!

தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணும் தட்பவெப்பமும் கைகொடுப்பதால், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பழத்தின் சதையை மட்டும் உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புபவர்கள் பலர். இழப்பு அங்கேதான்! கருநீல நிறத்தைத் தரும் ஆந்தோசயனின், ரெஸ்வெரட்ரால் ஆகியவை பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்க உதவும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் இவை. ஆனால், ரெஸ்வெரட்ராலின் அளவு பழத்தில் மிகக் குறைவு. அதை நம்பித் திராட்சையை மருந்தாக்கிவிட வேண்டாம்.

100 கிராம் திராட்சையில் 80 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரை ஏறக்குறைய 15 கிராம், பொட்டாசியம் சுமார் 190 மில்லிகிராம், ஆற்றல் 70 கலோரி. அதே எடை உலர்திராட்சையில் கலோரி 300ஐத் தொடும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனித்து அளவோடு சாப்பிட வேண்டும். சாறாக்கி வடிகட்டினால் இருக்கிற கொஞ்ச நார்ச்சத்தும் போய்விடும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப்பழம் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொட்டையை எடுத்துவிட்டு, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.