பேச விடுங்கள், அழ விடுங்கள்!

என் மகள் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. அவள் பக்கத்தில் உட்காரும் சிறுமி, டெங்கு காய்ச்சலில் இறந்து விட்டாள். பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை. மறுநாள் போனால், அந்தக் குழந்தையின் நோட்டு, சுவரில் ஒட்டியிருந்த படம் எதையும் காணோம். 'யாரும் அதைப் பத்தி பேசக் கூடாது. பாடத்தை கவனிங்க' என்று உத்தரவாம்.

நானும் என் பங்குக்கு, 'அவ சாமிகிட்ட தூங்கப் போயிட்டாடீ...' என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து என் மகள் தூங்கவே பயந்தாள். தினமும் காலையில் வயிற்று வலி என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு அடியும் போட்டேன்.

ஒருநாள் ராத்திரி, 'அம்மா... நான் அவகூட காய் விட்டேன். அதனாலதான் செத்துட்டாளா?' என்று கேட்டாளே பார்க்கணும்... எனக்கு ஈரக்குலையே நடுங்கி விட்டது.

அரசு மருத்துவமனையில், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். 'தூங்கிட்டா, ஊருக்குப் போயிட்டான்னு சொல்லாதீங்கம்மா. இறந்துட்டான்னே சொல்லுங்க. உன்னால இல்லைன்னு எத்தனை முறை கேட்டாலும் சொல்லுங்க. பிள்ளைங்க துக்கம், வயித்து வலியாவும் வரும்' என்றார்.

நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து, தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் தடுமாறி, வகுப்பு டீச்சரும் தனியே போய் அழுகிறார் என்பது. அவரைத் தேற்றவும் அங்கு யாருமில்லை.

பிறகு, ஒரு பீரியட் ஒதுக்கினர். டீச்சர் கண் கலங்கியபடியே பேச, பிள்ளைகளும் வாய் விட்டு அழுதனர். ஆளுக்கொரு படம் வரைந்து, அந்தச் சிறுமியின் அம்மாவிடம் கொடுத்தனர். 'எம் பொண்ணு பேரையே யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு தவிச்சேன்...' என்று, அவர் படங்களை மார்போடு அணைத்துக் கொண்டார். என் மகளின் வயிற்று வலியும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

தோழியரே... துக்கத்தை மூடி மறைத்தால், பிஞ்சு மனது தனக்குத் தானே தப்புக் கணக்கு போட்டுக் கொள்ளும். மனநல ஆலோசனைக்கு, 14416 என்ற இலவச எண்ணில், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கும், அவர்களுடைய டீச்சருக்கும் சொல்லி வையுங்கள்.

அடித்த அந்த இரண்டு அடி, எனக்குத்தான் இன்னும் வலிக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.