ஷிப்ட் முடிஞ்சுதா? மெனு வந்தாச்சு!

மண்ணூர், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் சின்னதா ஒரு பிசினஸ் தொடங்கப் போறீங்களா? கையில இருக்கிற போன்தான் உங்க முதல் கடை. ஆனா அதுக்கு ஷட்டர் போடுற அதிகாரம் கஸ்டமர் கையில. உஷார் பாஸ்!

பெங்களூர் ஹைவேயில் தண்டலத்தில் இறங்கி பேரம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் மண்ணூர். ஒரு பக்கம் இன்ஜினீயரிங் காலேஜ்கள். இன்னொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர் சிப்காட், கொஞ்சம் தள்ளி ஒரகடம். நடுவில் ஒரு ரூமுக்கு நாலு பேர், அஞ்சு பேர் என்று தங்கியிருக்கும் பசங்க. மதுரைக்காரரும் இருப்பார், ஒடிசாக்காரரும் இருப்பார். எல்லாருக்கும் பசிக்கும், எல்லார் பைக்கும் பஞ்சராகும், எல்லாருக்கும் ஜெராக்ஸ் வேணும். இதுக்கு மேல என்ன மார்க்கெட் வேணும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஃபேக்டரி திறந்தபோது, ஊரே தலைநிமிர்ந்தது. 2014 நவம்பரில் அதே கேட் மூடியது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஐ.டி. கார்டு வெறும் பிளாஸ்டிக் ஆச்சு. அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன. ஆனாலும் காண்ட்ராக்ட்டில் இருக்கிற ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் அந்தக் கேள்வி ஓடுது: "இது முடிஞ்சா அடுத்து என்ன?" அதனால்தான் பலர் வேலையை விடாமலேயே பக்கத்தில் ஒரு சின்ன வியாபாரத்தைத் தொடங்கிப் பார்க்கிறார்கள். போனைச் செய்து பிழைத்த ஊர், இப்போ போனிலேயே கடை போடுது!

சேலையில் ஆரம்பிச்ச கதை

வாட்ஸ்அப் வியாபாரத்துக்கு நம்ம சென்னையிலேயே முன்னோடி உண்டு. சண்முகப் பிரியா என்பவர் 2014-ல் வீட்டிலிருந்தபடியே சேலை விற்க ஆரம்பித்தார். தெரிந்தவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப், அதில் சேலை போட்டோ. வாங்கியவர்களே தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு விற்க, ரீசெல்லர்கள் என்று ஒரு படையே உருவானது. 'யூனிக் த்ரெட்ஸ்' என்ற அந்தப் பெயர் பத்திரிகைகள் வரை வந்தது.

2015-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் தொடங்கிய கம்பெனியும் இதே மாதிரி ஆட்களைக் கவனித்துதான் வளர்ந்தது. வாட்ஸ்அப்பில் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் சரக்கு தந்து வளர்ந்த ஆப்... அதான் மீஷோ! 2019-ல் ஃபேஸ்புக்கே அதில் பணம் போட்டது.

ரெண்டு கதையிலும் ஒரே சூத்திரம்தான். முதல் மெசேஜ் போனது தெரிந்தவர்களுக்கு. தெரியாத ஆயிரம் பேருக்கு அல்ல.

எஸ்.எம்.எஸ்.ஸைக் கொன்றது யார்?

அண்ணன்களிடம் கேட்டுப் பாருங்க. ஒரு காலத்தில் எஸ்.எம்.எஸ். வந்தாலே ஓடிப்போய் எடுப்பாங்க. அப்புறம் லோன், பிளாட், அதிர்ஷ்டக் கல் என்று விளம்பரம் குவிந்தது. 2011 செப்டம்பரில் டிராய் தலையிட்டு, ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் என்று கட்டுப்பாடு போட்டது. நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள். ஆனா இன்பாக்ஸைத் திறக்கும் ஆசை போனது போனதுதான்.

வாட்ஸ்அப் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை, ஒரே மாதத்தில் இந்தியாவில் 20 லட்சம் கணக்குகளை முடக்கியதாக அதுவே அறிவித்தது. அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் மொத்தமாக மெசேஜ் தள்ளியதால் வந்த வினை! யாரிடமோ நம்பர் லிஸ்ட் வாங்கி 'பல்க்' அடித்தால், நாலு பேர் பிளாக் பண்ணுவார்கள், நாலு பேர் ரிப்போர்ட் பண்ணுவார்கள், நம்பர் காலி. கஸ்டமர், ஆர்டர், பாக்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே நம்பரில் இருந்தால்? கடையே காலி.

குரூப்பா, லிஸ்ட்டா, சேனலா?

இங்கேதான் நிறைய பேர் சொதப்புறாங்க. எதற்கு எது என்று தெரிஞ்சுக்கோங்க.

குரூப்: 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனா ஒவ்வொருவர் நம்பரும் மற்றவர்களுக்குத் தெரியும். உங்க கஸ்டமரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிற பெண்களும் இருப்பாங்க. இட்லி வாங்கச் சேர்ந்த குரூப்பிலிருந்து ராத்திரி 11 மணிக்கு யாரோ ஒருத்தன் 'ஹாய்' அனுப்பினா, இட்லியும் வேணாம், நீங்களும் வேணாம் என்று போய்விடுவார்கள். நியாயம்தானே?

பிராட்காஸ்ட் லிஸ்ட்: ஒரு லிஸ்ட்டில் 256 பேர். மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது. முக்கியமான கண்டிஷன், அவர் உங்க நம்பரை சேவ் பண்ணியிருக்கணும். இதைக் குறைன்னு நினைக்காதீங்க, அதுதான் வடிகட்டி! உங்களை வேண்டும் என்று நினைப்பவர் மட்டுமே சேவ் பண்ணுவார். புதுசா தொடங்குறவங்களுக்கு நம்ம ஓட்டு இதுக்குத்தான்.

சேனல்: 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ஃபாலோ பண்ணுபவர் நம்பர் மற்ற ஃபாலோயர்களுக்குத் தெரியாது, எண்ணிக்கைக்கும் கவலை இல்லை. ஆனா ஒருவழிப் பாதை. மெனு போடலாம், ஆர்டர் எடுக்க முடியாது. டெலிகிராம் சேனலும் இதே ஜாதி. நம்ம ஜோஹோவின் 'அரட்டை'யில் உங்க கஸ்டமர் இருந்தால் அங்கேயும் ஒரு கிளை போடுங்க. கஸ்டமர் எங்கேயோ, கடை அங்கே!

இதோடு, 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை இறக்கிக்கோங்க. இலவசம்தான். பொருள் படமும் விலையும் போட கேட்டலாக், 'புது கஸ்டமர்', 'பணம் பாக்கி' என்று பிரிக்க லேபிள், நீங்க டியூட்டியில் இருக்கும்போது தானாகப் பதில் சொல்லும் வசதி எல்லாம் உண்டு. பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் ஏ.பி.ஐ. ரூட்டில் விளம்பர மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் காசு. முதல் நூறு கஸ்டமருக்கு அது தேவையே இல்லை.

எப்போ அனுப்பணும்?

இதுதான் நம்ம ஏரியா ரகசியம். பல கம்பெனிகளில் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் தூங்கும். மத்தியானம் 12 மணிக்கு நீங்க அனுப்புற 'சூடான பிரியாணி' மெசேஜை அவர் ஷிப்ட் முடிஞ்சுதான் பார்ப்பார். அப்போ பிரியாணி ஆறியிருக்கும்! அவர் போனை நோண்டுவது கம்பெனி பஸ்ஸில். பஸ் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு மெசேஜ் போடுங்க. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று தனித்தனி லிஸ்ட் வைங்க. நைட் முடிச்சுட்டுத் தூங்குறவரை எழுப்பினா பிளாக்தான் பரிசு.

டியூட்டி நாளில் கேன்டீனில் சாப்பாடு கிடைக்கும். அதனால உங்க நிஜ மார்க்கெட், ஷிப்ட் முடிஞ்ச பசியும் வாராந்திர லீவு நாளும்தான். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு விலையோடு ஒரு போட்டோ, இந்தியில் ஒரு குட்டி வாய்ஸ் மெசேஜ். முடிஞ்சது மேட்டர்.

மறக்கக் கூடாத 6

1. கேட்டுட்டு சேருங்க. கடை வாசலில் ஒரு கியூ.ஆர். கோடு ஒட்டி, 'மெனு வேணும்னா ஸ்கேன் பண்ணி ஹாய் சொல்லுங்க' என்று எழுதினால் போதும். நம்பர் அவராகத் தருவார். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாகச் சொல்கிறது.

2. ஒரு நாளைக்கு ஒரு மெசேஜ். குட்மார்னிங் ரோஜாப்பூ வேண்டவே வேண்டாம்.

3. 'வேண்டாம்னா ஸ்டாப்னு அனுப்புங்க' என்று ஒரு வரி. அனுப்பினால் அன்றைக்கே எடுத்துவிடுங்க. கோபித்துக்கொள்ளாதீங்க.

4. விலையை மறைக்காதீங்க. 'இன்பாக்ஸ் வாங்க' என்றால் பாதிப் பேர் வர மாட்டாங்க.

5. நம்பர்களை நோட்டிலும் எழுதி வைங்க. போன் தொலையலாம், கணக்கு முடங்கலாம்.

6. சாப்பாட்டு வியாபாரம் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு அவசியம். அந்த நம்பரை புரொஃபைலிலேயே போடுங்க, நம்பிக்கை தானா வரும்.

டெலிவரி ஆப்கள் ஆர்டருக்கு ஆர்டர் கமிஷன் எடுக்கும், கஸ்டமர் நம்பரும் அவ்வளவு சுலபமா உங்க கைக்கு வராது. இங்கே ரெண்டு பிரச்னையும் இல்லை. ஆனா சாம்பாரில் உப்பு கூடினால் திட்டும் நேரா உங்களுக்குத்தான் வரும். அந்தத் திட்டுக்கு 'ஸாரிண்ணா, நாளைக்கு சரி பண்ணிடறேன்' என்று அஞ்சு நிமிஷத்தில் பதில் போட்டு, மறுநாள் நிஜமாவே சரி பண்ணிக் காட்டுங்க. அவரே பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் உங்க நம்பரைக் காட்டுவார். விளம்பரச் செலவு: பூஜ்யம்!

என்ன மக்களே, போனை எடுத்தாச்சா? முதல்ல தெரிஞ்ச இருபது பேரைக் கேளுங்க. "மெனு அனுப்பட்டுமா?"