உடைவாளும் வாகிசாசியும்: குறுவாட்கலை குறித்த ஓர் ஒப்பாய்வு

சப்பானியர்தம் வாட்கலையின்பால் தமிழ்நாட்டு இளைஞர் பலர்க்கு இந்நாளில் பெருவிருப்பு உண்டாகியிருத்தலைக் காண்கின்றோம். சாமுராய் எனப்படும் மறவர் இடையிற் செருகிய குறுவாளின் வடிவையும் ஒளியையும் கூர்மையையும் வியந்து பேசும் மாணவர், ‘நம் நாட்டிலும் இத்தகைய வாள் செய்யப்பெற்றதுண்டோ?’ என எம்மை வினவுவதும் உண்டு. வினா எளிது; விடை எளிதன்று. ‘உண்டு’ என்று விரைந்து கூறிப் பெருமிதம் கொள்வாரும், ‘சான்று இல்லை’ என்று ஒதுங்குவாரும் உளர். இவ்விரு சாராரும் கருதாது விட்ட செய்திகள் சில உள. அவற்றைச் சொல், பொருள், பேணல் என்னும் மூன்று நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்

சப்பானியர் தம் வாட்களை நீளம் பற்றி வகுப்பர். ‘சாக்கு’ என்பது அவர்தம் பழைய நீட்டலளவை; அஃது ஏறத்தாழ 30.3 செ.மீ. ஆகும். அலகு ஒரு சாக்கிற் குறைந்தது தாந்தோ. ஒன்றற்கும் இரண்டற்கும் இடைப்பட்டது வாகிசாசி. இரண்டனை மிக்கது கதானா. நெடுவாளும் குறுவாளும் இணையாக இடையில் விளங்குதல் சாமுராய் நிலைக்கு அடையாளமாயிற்று.

இனி, இப்பெயர்களின் பொருளை நோக்குவோம். தாந்தோ என்பது குறுவாள் என்றே பொருள்படும். வாகிசாசி என்பது பக்கத்தே செருகப்படுவது என விரியும். தமிழில் உடைவாள் என்பதும் உடையிற் செருகப்படும் வாள் என விரிதல் ஒப்புநோக்கத்தக்கது. இவ்வொப்புமை கொண்டு ஒன்று மற்றொன்றன்வழிப் பிறந்தது எனல் பொருந்தாது. அணியும் முறையே இருநாட்டிலும் பெயராயிற்று என்பதே அமைவுடைத்து.

குறுவாளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பிற சொற்களுள் சுரிகை வடசொல் வழிவந்தது. கட்டாரி என்பதனைத் தமிழ் என்பாரும் வடமொழி என்பாரும் உளர். குறுக்குப்பிடியை முட்டியுள் அடக்கி நேரே குத்துதற்கு அமைந்த அக்கருவி, சப்பானியக் குறுவாளின் வேறாய தனி மரபினது. ஆகவே, குறுவாள் என்னும் பொதுப்பெயர் ஒன்றே கொண்டு இரண்டனையும் ஓரினமாக்குதல் ஆகாது.

வாளைப் போற்றும் மரபும் நம்மிடை உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் வாண்மங்கலம் என்னும் துறையைக் கூறும். செங்கம் வட்டார நடுகற்களில் வில்லும் குறுவாளும் ஏந்திய வீரர் உருவங்களைக் காண்கின்றோம். இவை கருவியின் மதிப்பைக் காட்டுவன. அதனைச் செய்த முறையைக் காட்டுவன அல்ல. செய்முறையை அறியப் பொருளின்பாற் செல்லுதல் வேண்டும்.

2. பொருள்

சப்பானிய வாளுக்குரிய எஃகு தமஹகானே எனப்படும். இரும்பு மணலும் மரக்கரியும் மாறிமாறி இட்டு, ததாரா என்னும் களிமண் உலையில் மூன்று நாள் அல்லும் பகலும் ஊதி அதனைப் பெறுவர். ஏறத்தாழ 10 டன் மணலும் அதனின் மிக்க கரியும் இட்டால் 2.5 டன் அளவுள்ள கட்டி ஒன்று கிடைக்கும். அதனுள்ளும் வாளுக்கு ஏற்ற பகுதி சிறிதே. இவ்வெஃகு ஒருசீராக அமைவதன்று. ஆதலின் அதனைக் காய்ச்சி அடித்து மடித்து மீண்டும் அடிப்பர். பத்துமுறை மடித்தால் 1024 அடுக்குகள் ஆகும். இதனால் மாசு நீங்கிக் கரியின் அளவு எங்கும் ஒத்து நிற்கும். பின்னர் அலகின்மேல் களிமண் பூசுவர். முதுகுப்புறம் தடித்தும் வாய்ப்புறம் மெலிந்தும் பூசிக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். மெல்லிய பூச்சின்கீழ் உள்ள வாய் விரைந்து குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத் தன்மை பெறும். இவ்விரண்டற்கும் எல்லையாகத் தோன்றும் அலைவரியே ஹமோன் எனப்படுவது. காண்பார் அழகென வியக்கும் அவ்வரி, வினையின் விளைவு என்க.

தமிழகத்து எஃகாக்கம் இதற்கு மறுதலையானது. மேலைநாட்டார் ‘ஊட்ஸ்’ என வழங்கிய இவ்வெஃகின் செய்முறையைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்பார் 1839இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கியுள்ளார். இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரை விறகைத் துணித்து உடன்வைத்து, மேலே எருக்கு முதலியவற்றின் பச்சிலை ஒன்றிரண்டு மூடி, மண்மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பர். இத்தகைய மூசைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணிநேரம் ஊதுவர். மூசையுள் விறகு கரியாகி இரும்பிற் கலக்கும். இரும்பு உருகி எஃகாகும். ஆறியபின் மூசையை உடைத்துக் கட்டியை எடுப்பர். உருக்கு என்னும் தமிழ்ப்பெயர் இச்செயலுக்கு முற்றும் பொருந்துதல் காண்க. சப்பானியக் கொல்லன் மடித்து அடித்து எய்திய ஒருமையை நம் கொல்லன் உருக்கி எய்தினான்.

ஈண்டு எம் ஊர் பற்றிய ஒரு செய்தி கூறுதல் மிகையாகாது. யாம் வாழும் பாகாயம் வேலூரைச் சார்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தொடரும் தோல் தொழிற்பகுதியில் உள்ளது. வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் வருமுன் இங்குத் தோல் பதனிடுதற்குப் பெரிதும் பயன்பட்டது ஆவாரம்பட்டையே. புன்செய்ப் புறம்போக்கில் தானே வளரும் இச்செடி, பட்டையால் தோலையும் விறகால் எஃகையும் ஆக்கிற்று. ஆவாரையைச் சங்கச் செய்யுளில் ஆவிரை எனப் பயிலும் மாணவர், அதனைத் தொழிலொடு சார்த்தியும் பயிலுதல் நன்று.

எனினும், இரண்டு வரம்புகளை மறத்தல் கூடாது. ஊட்ஸ் எஃகு சேலம், திருச்சி முதலிய தமிழ்ப்பகுதிகளில் மட்டுமன்றி, மைசூர்ப் பகுதியிலும் கோல்கொண்டாப் பகுதியிலும் செய்யப்பெற்றது. அவ்வெஃகால் ஆகிய புகழ்மிக்க வாட்களுட் பல பாரசீகம் முதலிய நாடுகளில் அடிக்கப்பெற்றன. எனவே, எஃகின் புகழ் நமது என்பதனால் அவ்வலகின் புகழும் நமதே எனல் அமையாது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யசுத்சுகு என்னும் சப்பானியக் கொல்லர், ‘நன்பன் தெத்சு’ எனப்படும் அயல்நாட்டு இரும்பைப் பயன்படுத்தியதாகத் தம் வாட்களிற் பொறித்தார். அவ்விரும்பு இந்தியாவினது என்பது கருத்தாகக் கூறப்படுவதேயன்றி முடிந்த முடிபன்று.

3. பேணல்

இருநாட்டு வரலாறும் மிகுதியும் வேறுபடும் இடம் இதுவே. சப்பானிய அரசு 1876இல் வாள் அணிதலைத் தடைசெய்தது. இந்தியாவில் ஆங்கில அரசு 1878இல் படைக்கலச் சட்டம் இயற்றியது. இரண்டற்கும் இடைவெளி ஈராண்டே. ஆயின் சப்பானில், அரசவைக் கலைஞராகக் கொல்லர் சிலர் 1906இல் அமர்த்தப்பெற்றனர். வாட்கலையைக் காக்கும் கழகம் 1948இல் தோன்றியது. அக்கழகத்தாரே 1977இல் சிமானேப் பகுதியில் ததாரா உலையை மீண்டும் எழுப்பினர். வாட்களின் அடிப்பகுதியிற் பொறித்த கொல்லர் பெயர்களும், ஹொனாமி குடும்பத்தார் 1719இல் தொகுத்த புகழ்வாட் பட்டியலும் அவர்க்குத் துணைநின்றன.

நம் நாட்டிலோ, தஞ்சை அரண்மனைப் படைக்கலச்சாலை 19ஆம் நூற்றாண்டிற் கலைக்கப்பெற்றது. சில கருவிகள் சென்னை அருங்காட்சியகம் புகுந்தன. பல, பழைய இரும்பின் விலைக்கு உடைபட்டன. அதுபற்றி வால்ஹவுசு என்பார் 1878இல் எழுதியுள்ளார். எஞ்சியவற்றுள் எக்கொல்லன் எதனைச் செய்தான் என அறிதல் அரிது. ஆதிச்சநல்லூர் இரும்பு வாட்களும், வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்து வெண்கல வாளும் தொன்மைக்குச் சான்றாகுமேயன்றித் தொடர்ச்சிக்குச் சான்றாகா.

புறநானூற்று 95ஆம் பாட்டில், தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவலுடைய இடத்தில் விளங்குதலையும், அதியமானுடையவை போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடத்தலையும் ஒளவையார் எதிர்நிறுத்துவர். புகழ்வது போலத் தொண்டைமானைப் பழித்தது அப்பாட்டு என்பது அறிந்ததே. மறத்தின் நோக்கில் ஒளவையார் கூற்றே மெய். வரலாற்றின் நோக்கிலோ, அவர் எள்ளிய அக்காவற்சாலையே நமக்கு இன்று இல்லாதது. சப்பானியர் தம் வாட்களுக்கு இன்றும் எண்ணெய் பூசி உறையிட்டுக் காக்கின்றனர். நாம் பாட்டைக் காத்தோம். வாளைக் காவாது விட்டோம்.

முடிவுரை

மேற்கூறியவாற்றான், தமிழகத்தில் உயர்ந்த எஃகாக்கம் இருந்தது என்பதும், குறுவாள் மரபு இருந்தது என்பதும், இவ்விரண்டனையும் இணைக்கும் கொல்லர் மரபின் பதிவே அருகியது என்பதும் போதரும். மாணவர் வினாவுக்கு யாம் கூறும் விடை இதுவேயாம்.

உலோகத்தை ஆராய்தல் அறிவியலார் கடன். சொல்லைத் தொகுத்தல் நம் கடன். உலைக்களத்திற் பயிலும் கருவிப்பெயர், வினைப்பெயர், நிறங்கொண்டு சூடறியும் குறிப்புமொழி ஆகியவை எந்த அகராதியிலும் முற்றும் ஏறவில்லை. முதுநிலை மாணவர் தத்தம் ஊர்க் கொல்லர்பாற் சென்று இவற்றைக் கேட்டு எழுதுவாராக. உலை அணைந்தபின் மூசையின் ஓடேனும் மண்ணிற் கிடைக்கும், சொல் கிடைக்காது.