ஒரு டூட்டிக்கு 27.50 பவுண்டு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம், ஆனால் சிக்கலானதில்லை.

2012 ஜூன் 22, வெள்ளிக்கிழமை. லண்டன் ஒலிம்பிக் தொடங்க இன்னும் 5 வாரம். அன்று நகரத்தின் சிவப்புப் பேருந்துகளில் பெரும்பகுதி டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. லண்டன் முழுவதற்குமாகப் பேருந்து வேலைநிறுத்தம் நடந்தது 30 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. தொழிலாளர்கள் கேட்டது 500 பவுண்டு. மாதாமாதம் இல்லை; ஒலிம்பிக்குக்காக ஒரே ஒரு தடவை.

சம்பளம்தான் வாங்குகிறார்களே, கூட்டம் அதிகம் வந்தால் அதற்குத் தனிக் காசா என்று அப்போது பலரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கல்யாண வீட்டில் பந்தி இரண்டு மடங்கானால் சமையல் மேஸ்திரி கூலியைப் பேசிக் கூட்டிக்கொள்வார், அதை யாரும் பேராசை என்று சொல்வதில்லை. ஆனால் பேருந்து ஓட்டுநரின் சம்பளம் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. 40 பேரை ஏற்றினாலும் 80 பேரை ஏற்றினாலும் அவருக்கு அதே மணிக்கணக்கு. ஆகவே கூட்டத்தை மட்டும் காரணம் காட்டினால் வாதம் நிற்காது. காரணங்கள் வேறு.

முதலாவது விடுப்பு. ஒலிம்பிக் ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 12 வரை. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 9 வரை. இங்கிலாந்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஏறக்குறைய இதே காலம்தான். பிள்ளைகளோடு நாலு நாள் எங்காவது போய்வர ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற நாட்களில்தான் எல்லோரும் வேலைக்கு வந்தாக வேண்டும் என்றால், அவர்களிடம் உழைப்பையும் தாண்டி ஒன்றைக் கேட்கிறோம். அடுத்தது நேரம். சுரங்க ரயில்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக, நள்ளிரவு ஒன்றரை வரை ஓடின; அதில் இறங்கியவரை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க அந்நேரத்திலும் பேருந்து வேண்டும். மூன்றாவது சாலை. ஒலிம்பிக் வாகனங்களுக்கென்று தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. சைக்கிள் பந்தயத்துக்கும் மாரத்தானுக்கும் தெருக்கள் மூடப்பட்டன. பேருந்து திசைமாறிப் போகும், தாமதமாகும், வழி தெரியாத வெளியூர்க்காரர் ஏறியதும் பத்துக் கேள்வி கேட்பார், பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பார். அத்தனைக்கும் பதில் சொல்பவர் ஓட்டுநர் ஒருவர்தான். லண்டன் பேருந்துகளில் பெரும்பாலும் நடத்துநர் கிடையாது.

நகரப் போக்குவரத்தைக் கவனிக்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன், முடிந்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள், நெரிசல் நேரத்தைத் தவிருங்கள் என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்தது. அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த வசதி உண்டு, ஓட்டுநருக்கு ஏது?

இவ்வளவையும் ரயில் பக்கம் இருந்தவர்கள் முன்னதாகவே பேசி முடித்துவிட்டார்கள். டாக்லண்ட்ஸ் இலகு ரயில் ஊழியர்களுக்குக் குறைந்தது 900 பவுண்டு. லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில்களில் 600. விமான நிலையத்துக்கு ஓடும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் 700. தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயிலில் 500. சுரங்க ரயில் ஊழியர்களுக்கு 850 வரை. அதன் ஓட்டுநர்களுக்கு 1,000 வரை. இந்தத் தொகைகளின் பின்னணியில் ஆர்.எம்.டி., அஸ்லெஃப் ஆகிய ரயில் சங்கங்களின் பலம் இருந்தது. ரயில் நின்றால் போட்டியே நின்றுவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

பேருந்துக்காரர்கள் மட்டும் ஏன் பின்தங்கினார்கள்? என் பார்வையில் இந்தக் கதையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான்.

லண்டன் பேருந்துகள் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே கட்டணம். பார்த்தால் ஒரே நிறுவனம் என்று தோன்றும். அப்படி இல்லை. எந்த வழித்தடம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன். ஓட்டுவது டெண்டரில் வழித்தடத்தைப் பிடித்த தனியார் கம்பெனிகள். 1980களில் தொடங்கிய ஏற்பாடு இது. 2012ல் அப்படி இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. கம்பெனிக்குப் பணம் வருவது ஒப்பந்தத்தில் எழுதிய தொகையிலிருந்து. பேருந்துத் தொழிலாளர்களின் யுனைட் சங்கம் போய்க் கேட்டபோது நகர அமைப்பு கம்பெனியைக் கைகாட்டியது, கம்பெனி நகர அமைப்பைக் கைகாட்டியது. கேட்டவர் நடுவில் நின்றார்.

சட்டமும் அவர்களுக்கு உதவவில்லை. பிரிட்டனில் ஒரு கம்பெனியின் தொழிலாளர்கள் இன்னொரு கம்பெனியின் தொழிலாளர்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அதனால் யுனைட் ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனியாகத் தபால் வாக்கெடுப்பு நடத்தி, முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் 3 கம்பெனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிட்டன. மீதிக் கம்பெனிகளில்தான் ஜூன் 22 வேலைநிறுத்தம் நடந்தது.

வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான் பணம் பேச்சுக்கு வந்தது. ஒலிம்பிக் கட்டுமானங்களையும் போக்குவரத்தையும் பொறுப்பேற்றிருந்த ஒலிம்பிக் டெலிவரி அத்தாரிட்டி 83 லட்சம் பவுண்டு தர முன்வந்தது. ஏகாஸ் என்ற சமரச அமைப்பின் மூலம் பேச்சு நடந்து ஜூலையில் முடிவானது. ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் சேர்ந்த 29 நாட்களில் முடிக்கிற ஒவ்வொரு டூட்டிக்கும் 27 பவுண்டு 50 பென்ஸ். வாரத்துக்கு 5 டூட்டி என்று வைத்தால் அந்த 29 நாளில் 21 டூட்டி வரும். பெருக்கினால் சுமார் 577 பவுண்டு, வரி பிடிப்பதற்கு முன்.

கேட்ட 500ஐவிடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கேட்டது எல்லோருக்கும் ஒரே தொகை. கிடைத்ததோ வந்தால்தான் காசு என்ற ஏற்பாடு. காய்ச்சலில் 4 நாள் படுத்தால் 110 பவுண்டு போய்விடும். சுமையைச் சுமந்தவருக்கு அதிகம் என்பது எனக்கு ஏற்புடையதுதான். நோயில் விழுந்தவரும் சேர்ந்துதான் அந்தக் கோடையைத் தூக்கினார் என்பதால், அடித்தொகையாக ஒரு பாதியையாவது எல்லோருக்கும் உறுதி செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

83 லட்சம் பெரிய தொகையா? லண்டன் ஒலிம்பிக்குக்கு ஒதுக்கிய பொதுப்பணம் 930 கோடி பவுண்டு. ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இன்னொன்றும் உண்டு. போட்டிக்கு டிக்கெட் வாங்கியவருக்கு அன்றைக்கு லண்டனுக்குள் ரயிலிலும் பேருந்திலும் போய்வரப் பயண அட்டை சேர்த்தே கொடுத்தார்கள். பேருந்துப் பயணத்தைப் போட்டியின் பகுதியாகக் கணக்கில் எழுதிய பிறகு, அதை ஓட்டுபவர் மட்டும் எப்படி வெளியாள் ஆவார்?

அவருக்கும் பின்னால் நின்றவர்கள் இருந்தார்கள். ரயில்களையும் நிலையங்களையும் சுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கம்பெனிகளின் ஆட்கள். நள்ளிரவு தாண்டி ரயில் ஓடினால் குப்பையை அள்ளும் நேரமும் தள்ளித்தான் போகும். கண்ணியமாக வாழப் போதுமான ஊதியம் கேட்டு அவர்களில் ஒரு பகுதியினர் தொடக்க விழாவையொட்டி வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் கைக்கும் தொழிலாளியின் கைக்கும் நடுவில் எத்தனை கம்பெனி நிற்கிறதோ, அந்த அளவுக்குப் பணம் மெலிந்துதான் வந்து சேர்கிறது.

12 ஆண்டு கழித்துப் பாரிஸிலும் இதே பேச்சு வந்தது. பிரெஞ்சு ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப். ஒலிம்பிக் நாட்களில் வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு 95 யூரோ என்று ஒப்புக்கொண்டது. முழுக்க வேலை செய்தவருக்கு 1,900 யூரோ வரை வரும். அதுவும் சும்மா வரவில்லை. 2024 மே 21 அன்று பாரிஸ் வட்டார ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே முடிவானது. பணம் திரட்டுவதில் மட்டும் பாரிஸ் தெளிவாக இருந்தது. போட்டிக் காலத்தில் மெட்ரோ ஒற்றைப் பயணச் சீட்டை 2.15 யூரோவிலிருந்து 4 யூரோவாக உயர்த்தியது. மாதச் சீட்டு வைத்திருக்கும் உள்ளூர்வாசிக்கு அந்தச் சுமை ஏறவில்லை. பார்க்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போனார்.

லண்டன் போட்டியை வென்றது 2005ல், பேருந்து ஓட்டுநரின் தொகை முடிவானது 2012 ஜூலையில். பாரிஸ் வென்றது 2017ல், அங்கே கணக்கு முடிந்தது போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கையில். அரங்கத்தின் இரும்புக்கும் சிமெண்டுக்கும் விண்ணப்பத்திலேயே விலை எழுதுகிறார்கள். இந்த டூட்டித் தொகையையும் அதே ஏட்டில், ஒப்பந்தக் கம்பெனி ஆட்களையும் சேர்த்து, முதல் நாளே எழுத முடியும்.